பழைய ஹாரன்கள்: வாசகர் கேள்வி பதில்

பித்தளை ஹாரன்களைப் பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: “இது எந்தக் காருடையது?” மோட்டார் வண்டியின் தொடக்க காலத்தில் ஹாரன் பெரும்பாலும் தனியே விற்ற துணைப்பொருள். வாங்கியவர் தன் கைக்கு எட்டும் இடத்தில் மாட்டிக்கொண்டார். ஒரே ஹாரன் பத்து விதமான வண்டிகளில் ஏறியிருக்கும். அதனால் எந்தக் கார் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எதனால் ஒலிக்கிறது என்று முதலில் பாருங்கள். காற்றா, கையா, மின்சாரமா, எஞ்சின் புகையா? பழுது பார்ப்பதும் மாட்டுவதும் அதைப் பொறுத்தே அமையும்.

கே: ஒற்றைச் சுற்றாக வளைந்த பித்தளை ஹாரன் ஒன்று கிடைத்திருக்கிறது. ரப்பர் பந்து இல்லை. பெயரோ முத்திரையோ எங்கும் இல்லை. உண்மையிலேயே பழசா, அலங்காரத்துக்காகச் செய்ததா?

ப: ஒரு காந்தமும் ஒரு டார்ச்சும் எடுத்துக்கொள்ளுங்கள். காந்தம் உடம்பு முழுக்க ஒட்டினால் அது இரும்புத் தகட்டின் மேல் பித்தளைப் பூச்சு. பெரும்பாலும் சுவரில் மாட்டச் செய்தது. உடம்பில் ஒட்டாமல் வாயின் விளிம்பில் மட்டும் ஒட்டினால் நல்ல அறிகுறி. அந்தக் காலத்தில் விளிம்பைச் சுருட்டும்போது உறுதிக்காக உள்ளே இரும்புக் கம்பி வைப்பார்கள். விளிம்பிலும் ஒட்டவில்லை என்பதற்காக ஒதுக்கிவிட வேண்டாம், உள்ளே இருப்பது பித்தளைக் கம்பியாக இருக்கலாம்.

அடுத்து டார்ச்சை வாய்க்குள் அடித்து நீளவாக்கில் தேடுங்கள். தகட்டைச் சுருட்டிப் பற்றவைத்த இடம் சற்றே வேறு நிறத்தில் ஒரு கோடாகத் தெரியும். அது இருந்தால் கையால் செய்த வேலை. இல்லாவிட்டால் தீர்ப்புச் சொல்ல முடியாது, கடைசலில் அழுத்தி எடுத்த வாய்களும் அப்போதே உண்டு.

பிராக்கெட்டைக் கழற்றி அதன் அடியைப் பாருங்கள். பொய்யான பழமை மாட்டிக்கொள்வது இங்கேதான். பல ஆண்டுகள் பட்டையின் கீழ் மூடிக்கிடந்த பித்தளையின் நிறம் வெளியில் இருப்பதிலிருந்து வேறுபடும், பட்டை உரசிய தடமும் இருக்கும். அமிலம் தடவிப் பழசாக்கியதில் பட்டையின் அடி, ஸ்க்ரூவின் பள்ளம், வாயின் உட்புறம் எல்லாம் ஒரே பழுப்பு. நட்சத்திரத் தலை ஸ்க்ரூ இருந்தால் அந்த ஸ்க்ரூவாவது பிற்பாடு வந்தது. அந்த வகை புழக்கத்துக்கு வந்ததே 1930களின் நடுவில்தான். பூச்சிலும் தடயம் உண்டு. நிக்கலில் லேசான மஞ்சள் சாயல், குரோமியத்தில் நீலச் சாயல். குரோமியப் பூச்சு வண்டிப் பாகங்களுக்குப் பரவலாக வந்தது 1920களின் பிற்பாதியில். 1910ஆம் ஆண்டு ஹாரனில் நீலம் மின்னினால், பின்னால் யாரோ மறுபூச்சு செய்திருக்கிறார்கள்.

காருடையதா, சைக்கிளுடையதா என்பதற்குப் பிடிமானத்தைப் பாருங்கள். கைப்பிடிக் குழாயைக் கவ்வும் வளையம் என்றால் இருசக்கர வண்டி. இரண்டு மூன்று துளைகளுள்ள தட்டையான காலோ, நீளக் குழாய் இணைப்பதற்கான மரையோ இருந்தால் கார். வாயில் கம்பி வலை இருந்த தடம் தெரிந்தாலும் கார் என்றே எடுத்துக்கொள்ளலாம், அது தூசியும் பூச்சியும் நாக்குக்கு (காற்றில் அதிர்ந்து ஒலி தரும் மெல்லிய உலோகத் துண்டு) போகாமல் தடுப்பதற்கு. ரப்பர் பந்து மாட்டும் முனையில் நாக்கு உட்காரும் அறையே இல்லாமல், வாய் வைத்து ஊதும் கிண்ணம் செருகுவதுபோல் குழாய் சரிவாக இருந்தால், உங்களிடம் இருப்பது ஊதுகொம்பு. ஹாரனே அல்ல.

கே: பழைய ஹாரனுக்குப் புது ரப்பர் பந்து மாட்டினேன். அழுத்தினால் “புஸ்” என்று காற்றுதான் வருகிறது.

ப: பந்தைக் கழற்றிவிட்டு, நாக்கு இருக்கும் அறைக்குள் நேராக வாயால் ஊதுங்கள். ஒலித்தால் நாக்கு நன்றாக இருக்கிறது, குற்றம் பந்திலோ அதன் கழுத்திலோ. ஒலிக்காவிட்டால் நாக்கைத்தான் கவனிக்க வேண்டும். ஊதுவதற்கு முன் அறையைத் துடைத்துக்கொள்ளுங்கள். பச்சைக் களிம்பு வயிற்றுக்கு நல்லதல்ல.

நாக்கு அறையின் மரை மெல்லிய பித்தளை. பிளையரைப் போட்டால் குழாய் நசுங்கி முட்டை வடிவமாகிவிடும், பிறகு எதுவும் பொருந்தாது. ஊடுருவும் எண்ணெயை மூட்டில் விட்டு ஓர் இரவு வையுங்கள். மறுநாள் தோல் வாரைச் சுற்றிக் கையால் திருகுங்கள். வராவிட்டால் இன்னொரு இரவு.

உள்ளே பாதியாக வெட்டியது போன்ற சிறு குழாய், அதன் தட்டையான முகத்தின் மேல் ஒரு மெல்லிய உலோக நாக்கு. ஆர்மோனியத்தின் நாக்கு தன் சட்டத்துக்குள் புகுந்து ஆடும். இது முகத்தின் மேல் அடித்து அடித்து எழும். ஆகவே இரண்டு விஷயம் முக்கியம்: முகம் கீறலின்றித் தட்டையாக இருக்க வேண்டும், நாக்கின் நுனி சற்றே தூக்கியிருக்க வேண்டும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் கழுவுங்கள். நாக்குக்கும் முகத்துக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டைச் செருகி இழுத்தால் அழுக்கு காகிதத்தோடு வந்துவிடும். உப்புத்தாளை அந்தப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். ஒரு கீறல் போதும், காற்று அந்த வழியே ஒழுகும்.

இப்போது வெளிச்சத்துக்கு எதிரே பக்கவாட்டில் பிடியுங்கள். அடியில் ஒட்டி, நுனி நோக்கி மெல்ல விலகும் வளைவு தெரிய வேண்டும். நுனியில் ஒரு தபால் அட்டையின் தடிமன் அளவு இடைவெளியில் தொடங்கி, காதால் கேட்டுச் சரிசெய்யுங்கள். நாக்கு முழுக்கப் படுத்துவிட்டால் ஒலியே வராது, அல்லது கீச்சென்று மெல்லியதாக வரும். அதிகம் தூக்கிவிட்டால் நீங்கள் சொன்ன “புஸ்”. வளைப்பதற்கு நாக்கைத் தனியே எடுத்து, வழவழப்பான உருண்டைக் கம்பியின் மேல் வைத்துக் கட்டைவிரலால் தடவித் தடவி வளைவு கொடுங்கள். ஓரிடத்தில் மடித்தால் அந்த மடிப்பிலேயே ஒருநாள் ஒடியும்.

நாக்கு ஒடிந்திருந்தால் பழையதன் தடிமனை மைக்ரோமீட்டரில் அளந்து, அதே தடிமனில் பாஸ்பர் வெண்கலத் தகட்டில் வெட்டுங்கள். நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். சுரண்டியதை மீண்டும் ஒட்ட முடியாது, ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக.

பந்தைப் பற்றி ஒரு வார்த்தை. காற்றை உள்ளிழுக்கத் தனி வால்வு இல்லாத பந்து, நாக்கின் வழியாகவேதான் திரும்ப நிரம்பும். சுவர் மெலிந்த பந்து அழுத்திய பின் சோம்பலாக எழும், இரண்டாம் முறை அழுத்தும்போது பாதிக் காற்றுதான் இருக்கும். கழுத்தில் பொருத்தும் உலோக வளையத்தின் வெளிவிட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, கையில் கனமாக இருக்கும் பந்தைத் தேர்ந்தெடுங்கள். ஏற்றுவதற்குச் சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸ் தடவினால் ரப்பர் ஊறிக் கொழகொழத்துவிடும்.

கே: என் ஹாரனின் பெயர்த்தகட்டில் நான்கு காப்புரிமைத் தேதிகள் உள்ளன. எதை வைத்து ஆண்டு சொல்வது?

ப: கடைசித் தேதியை வைத்து. அதுவும் “இதற்கு முன்பு செய்யப்பட்டிருக்க முடியாது” என்று மட்டுமே சொல்லும். ஒரே தகட்டைப் பல ஆண்டுகள் அடித்துக்கொண்டே இருப்பார்கள். தேதிகளைவிடக் கம்பெனிப் பெயரும் ஊரும் அதிகம் பேசும். கிளாக்சனை எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டாரால் ஒலிக்கும் இந்த ஹாரனை 1908 வாக்கில் உருவாக்கியவர் மில்லர் ரீஸ் ஹட்சிசன். செய்து விற்றது நியூஜெர்சி மாநிலம் நியூவார்க்கின் லவல்–மெக்கானல் கம்பெனி. 1916இல் தொழில் யுனைட்டட் மோட்டார்ஸ் கைக்கு மாறியது. 1918இல் அதுவும் ஜெனரல் மோட்டார்ஸுக்குள் போயிற்று. ஆகவே தகட்டில் லவல்–மெக்கானல் பெயர் இருந்தால் முந்திய கட்டத்துச் சரக்கு. (அலறுவது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்த அந்தப் பெயர், பிரெஞ்சு உட்படச் சில மொழிகளில் ஹாரனுக்கே பொதுப்பெயராகிவிட்டது. ஆகவே விற்பவர் “கிளாக்சன்” என்றதும் கிளாக்சன் என்று நம்பிவிடாதீர்கள்.) ஸ்பார்ட்டன் என்று இருந்தால் மிச்சிகன் மாநிலம் ஜாக்சனின் ஸ்பார்க்ஸ்–விதிங்டன். ‘கிங் ஆஃப் தி ரோடு’ என்றால் பர்மிங்ஹாமின் லூகாஸ்.

தகடு மட்டும் பழசாக, ரிவெட்டுகள் பளபளவென்று புதிதாக இருந்தால் தகடு வேறு ஹாரனிலிருந்து வந்திருக்கலாம்.

கே: ஃபோர்டு மாடல் டி காரின் ஹாரன். 6 வோல்ட் பேட்டரியில் தொட்டால் “டிக்” என்கிறது, அவ்வளவுதான். சுருள் எரிந்துவிட்டதா?

ப: இல்லை. “டிக்” என்றதே சுருள் உயிரோடு இருப்பதற்குச் சாட்சி. மாடல் டி-க்கு முதலில் ரப்பர் பந்து ஹாரன்தான். 1915 மாடல் வாக்கில் மேக்னெட்டோ ஹாரன் வந்தது. எஞ்சினின் பறக்கும் சக்கரத்தில் (ஃபிளைவீல்) 16 காந்தங்கள் சுழன்று தரும் மாறுமின்சாரத்தில் அது இயங்கும். மின்சாரமே முன்னும் பின்னும் மாறுவதால் ஹாரனுக்குள் ஒலி தரும் மெல்லிய தகடு அதிரும். தொடர்பை விட்டுவிட்டு இணைக்கும் காண்டாக்ட் உள்ளே கிடையாது. பேட்டரி கொடுத்தால் தகட்டை ஒரே இழுப்பாக இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதிக நேரம் பிடித்தால்தான் சுருள் எரியும்.

மேசையில் சோதிக்க 12 வோல்ட் மாறுமின்சார டிரான்ஸ்ஃபார்மரில் ஓரிரு விநாடி தொடுங்கள், “பர்ர்” என்று கேட்கும். ஆனால் வண்டியில் இருக்கும்போது பேட்டரி ஒயரை மேக்னெட்டோ முனையில் தவறியும் தொட்டுவிட வேண்டாம். காந்தங்களின் பலம் போய்விடும். மீண்டும் காந்தமேற்றுவது ஹாரன் வேலையைவிடப் பலமடங்கு பெரிய வேலை.

கே: “ஆ…ஊகா” என்று கத்தும் 6 வோல்ட் மோட்டார் ஹாரனை 12 வோல்ட் காரில் போடலாமா? எங்கள் கார் நெகட்டிவ் எர்த் (பேட்டரியின் நெகட்டிவ் முனை வண்டி உடம்போடு இணைந்தது), ஹாரன் வந்த கார் பாசிட்டிவ் எர்த்.

ப: எர்த் மாறியதற்குக் கவலை வேண்டாம். இவற்றில் இருப்பது பொதுவாகத் தொடர்சுற்று மோட்டார். முனைகளை மாற்றினால் நிலையான களச்சுருளிலும் சுழலும் ஆர்மேச்சரிலும் சேர்ந்தே திசை மாறுவதால் சுழற்சி அதே பக்கம்தான்.

வோல்ட் வேறு கதை. 12 வோல்ட்டில் ஒலிக்கும், முன்பைவிடக் காரமாகவே ஒலிக்கும். சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் பிரஷ்ஷும் கம்யூட்டேட்டரும்தான் அதற்கு விலை கொடுக்கும். வரிசையில் ஒரு மின்தடை போடுவது எளிய வழி. முதலில் 6 வோல்ட்டில் ஓடவிட்டு ஆம்பியர் அளந்துகொள்ளுங்கள். 8 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் மிச்சமுள்ள 6 வோல்ட்டை 8 ஆல் வகுக்க 0.75 ஓம். வெப்பம் 6 × 8 = 48 வாட். எஞ்சின் ஓடி 14 வோல்ட் வரும்போது கணக்கு 1 ஓம், 64 வாட் ஆகும். ஆகவே 100 வாட் தாங்கும், அலுமினிய உறையுள்ள 1 ஓம் தடையை உலோகப் பரப்பில் ஒட்டி மாட்டுங்கள், மரத்தில் அல்ல. ஒரு குறை உண்டு. கிளம்பும்போது மோட்டார் அதிக மின்சாரம் கேட்கும், தடை அப்போதுதான் அதிகமாகத் தின்னும். அதனால் “ஆ” சற்றே இழுக்கும்.

அந்த “ஆ…ஊகா” எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் சரிசெய்வதும் புரியும். மோட்டார் ஒரு பல்சக்கரத்தைச் சுழற்றும். தகட்டின் நடுவில் ரிவெட் செய்த கடினமான பொத்தானை ஒவ்வொரு பல்லும் தட்டிச் செல்லும். சக்கரத்தில் 10 பல், விநாடிக்கு 40 சுற்று என்றால் விநாடிக்கு 400 தட்டு. மோட்டார் வேகம் பிடிக்கும்போது சுருதி ஏறும், பொத்தானை விட்டதும் இறங்கும். ஏற்ற இறக்கம் முழுக்க மோட்டாரின் வேகம்தான்.

சரிசெய்ய, மோட்டாரின் பின்புற நடுவில் இருக்கும் திருகின் பூட்டு நட்டைத் தளர்த்துங்கள். திருகை வெளியே எடுத்துக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் கத்தல் நின்று மோட்டார் மட்டும் “விர்ர்” என்று தடையின்றிச் சுழலும். சுழலவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். பிரஷ், கம்யூட்டேட்டர், காய்ந்த பேரிங் எண்ணெய், இவற்றை முடித்துவிட்டு வாருங்கள். சுழன்றால் திருகைக் கால் கால் சுற்றாக உள்ளே விடுங்கள். பல் பொத்தானைத் தொட ஆரம்பித்ததும் கரகரப்பு வரும், இன்னும் சிறிது விட்டால் முழுக்குரல். அதற்கு மேல் போனால் பல் பொத்தானில் முட்டி மோட்டார் நின்றுவிடும், மின்சாரம் எகிறும், ஒயர் சூடாகும். முழுக்குரலிலிருந்து ஒரு பொட்டுப் பின்வாங்கி நட்டைப் பூட்டுங்கள். பூட்டும்போது திருகு நகரும், ஸ்க்ரூடிரைவரால் பிடித்துக்கொண்டே பூட்டுங்கள். பல்லுக்கும் பொத்தானுக்கும் நடுவே கடுகளவு கிரீஸ் போதும்.

தகட்டை மீண்டும் மூடும்போது இருபுறமும் காகித கேஸ்கெட் வைத்து, சுற்றிலுமுள்ள ஸ்க்ரூக்களை எதிரெதிராக முடுக்குங்கள். ஒரு பக்கமாக முடுக்கினால் தகடு கோணிக்கொள்ளும், குரல் கரகரக்கும்.

கே: மேசையில் வைத்தால் ஊரையே எழுப்புகிறது, காரில் மாட்டினால் முனகுகிறது.

ப: ஒயரும் எர்த்தும். ஹாரனுக்கும் பேட்டரிக்கும் 3 மீட்டர் தூரம், போகவர 6 மீட்டர். 0.75 சதுர மி.மீ. ஒயரில் 10 ஆம்பியர் ஓடினால் சுமார் 1.4 வோல்ட் வழியிலேயே தொலையும். 6 வோல்ட்டில் அது கிட்டத்தட்டக் கால் பங்கு. 2.5 சதுர மி.மீ. ஒயரில் அதே தூரத்துக்கு 0.4 வோல்ட்தான். 12 வோல்ட் வண்டியில் பழகிய கை 6 வோல்ட் வண்டிக்கும் அதே மெல்லிய ஒயரை எடுத்துவிடும், பிழை அங்கேதான். ஒற்றை ஒயர் ஹாரன் என்றால் மற்ற வழி அதன் உடம்பு. பிராக்கெட்டுக்கும் சேசிஸுக்கும் நடுவே அழகாகப் பெயின்ட் அடித்திருப்பீர்கள், போல்ட்டின் அடியில் மட்டும் சுரண்டிவிடுங்கள். மரச்சட்ட உடம்பு என்றால் எர்த்துக்குத் தனி ஒயர் கட்டாயம். பழைய பொத்தானின் காண்டாக்ட் தேய்ந்திருந்தால் மறைவாக ஒரு ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்) வைக்கலாம், சுருள் உங்கள் வண்டியின் வோல்ட்டுக்குரியதா என்று பார்த்து. பேட்டரிப் பக்கம் 20 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றும்.

கே: பாம்பு உடம்புபோல் நீண்டு, பாம்புத் தலையில் வாய் திறக்கும் ஹாரன் கிடைத்திருக்கிறது. மட்கார்டு மேல் எப்படி மாட்டுவது? புதிதாகத் துளை போட மனமில்லை.

ப: மனமில்லாதது நல்லது. முதலில் உடம்பைச் சோதியுங்கள். வளையும் அந்தக் குழாய், உலோகப் பட்டையை ஒன்றில் ஒன்று கொக்கியாகச் சுற்றி, நடுவே நூல்போன்ற அடைப்பு வைத்துச் செய்தது. அடைப்பு காய்ந்தால் வழியெல்லாம் ஒழுகும். நாக்கு அறைப் பக்கத்து முனையைக் கட்டைவிரலால் அடைத்துப் பந்தை அழுத்துங்கள். பந்து கல்போல் நிற்க வேண்டும். மெதுவாக அமுங்கினால் ஒழுகல், சோப்பு நுரை தடவினால் எங்கே என்று தெரியும். கூர்மையாக வளைப்பதைத் தவிருங்கள், கொக்கி கழன்றால் திரும்பக் கோப்பது கடினம்.

இடம் பார்க்கும்போது பந்திலிருந்து தொடங்குங்கள், தலையிலிருந்து அல்ல. ஓட்டுபவர் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல், தோளை அசைக்காமல், கை தானாக விழும் இடத்தில் பந்து இருக்க வேண்டும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினாலும் முழங்கை இடிக்கக் கூடாது, கதவும் தடையின்றித் திறக்க வேண்டும். அங்கிருந்து உடம்பு போகிற போக்கில் மட்கார்டுக்குப் போகட்டும். தலை முன்னோக்கி, ஒரு சிறு சாய்வோடு கீழ்நோக்கி. மேல்நோக்கி இருந்தால் மழைத்தண்ணீர் வாய் வழியே நாக்குக்குப் போய்ச் சேரும்.

துளைக்கு ஏற்கெனவே உள்ள போல்ட்டுகளைக் கடன் வாங்குங்கள். விளக்குக் கால், கண்ணாடிச் சட்டம், மட்கார்டுத் தாங்கி, இவற்றின் போல்ட்டுகளுக்கு அடியில் 3 மி.மீ. இரும்புப் பட்டையில் சிறு கால்கள் செய்து நீட்டலாம். போல்ட்டின் நீளம் அந்த 3 மி.மீ. அளவுக்குக் கூட வேண்டும் என்பதை மறந்துவிட வேண்டாம், நட்டுக்கு வெளியே இரண்டு மரையாவது தெரிய வேண்டும். பிடிகளின் உட்புறம் தோல் அல்லது ரப்பர் பட்டை. பித்தளையை இரும்பு நேராகக் கவ்வினால் அதிர்வில் அந்த விளிம்பில்தான் விரிசல் விழும். நீளமான ஹாரனை நடுவில் ஒரே இடத்தில் பிடித்தால் இரு முனையும் ஆடி ஆடி உலோகம் சோர்ந்துபோகும். இருமுனைக்கும் அருகே ஒவ்வொரு பிடி, நடுவே தொய்வுக்கு ஏற்ப. மர உடம்பில் மர ஸ்க்ரூவை நம்பாதீர்கள். முழுத் துளை போல்ட்டும் உட்புறம் அகலமான தகடும் வேண்டும்.

இங்கேயே இன்னொன்று. மோட்டார் ஹாரனை இறுக்கமான, கனமான காலில் மாட்டுங்கள், ஆடும் கால் அதன் அடியின் பலத்தைத் தின்றுவிடும். பிற்காலத்து வட்டு வடிவ அதிர்வு ஹாரன் நேர் எதிர். அதன் வில்தகட்டுக் காலை “உறுதியாக இருக்கட்டும்” என்று எடுத்துவிட்டு நேராகப் போல்ட் செய்தால் குரல் அடைபடும். உடம்பும் எதையும் தொடாமல் தொங்க வேண்டும்.

கே: எஞ்சின் புகையில் ஒலிக்கும் ஹாரன், வால்வோடு. பொருத்தலாமா?

ப: பொருத்தலாம், யோசித்து. கிளீவ்லாந்தின் கிளாட் ஃபாஸ்டர் செய்த காபிரியேல் ஹாரன் இந்த வகையில் புகழ்பெற்றது. அதிர்வு தாங்கி தயாரிப்பில் நாம் கேள்விப்படும் அதே காபிரியேல்தான். எக்ஸாஸ்ட் குழாயில், சைலன்சருக்கு முன்னால், துளையிட்டு அதன் மேல் சேணம்போல் வால்வைக் கவ்வ வேண்டும். கால் மிதியோ கம்பியோ இழுத்தால் வால்வு திறந்து புகை ஹாரனுக்குப் போகும்.

உங்கள் குழாய் அசல் என்றால் அதில் துளை போடாதீர்கள். அதைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, நகல் குழாயில் வேலை செய்யுங்கள். சேணத்தின் அடியில் வெப்பம் தாங்கும் கேஸ்கெட். ஹாரனின் எடையைக் குழாய் சுமக்கக் கூடாது, சேசிஸிலிருந்து தனிக் கால் கொடுங்கள். ஆனால் எஞ்சின் ஆடும், சேசிஸ் ஆடாது. இரண்டுக்கும் நடுவே வளையும் உலோகக் குழாய்த் துண்டு இல்லையென்றால் ஏதாவது ஒன்று ஒடியும். வால்வின் தண்டில் கரி படிந்து பாதி திறந்தபடி சிக்கிக்கொள்வது வழக்கமான கோளாறு. மிதியை விட்டதும் “டப்” என்று மூட வேண்டும், வில் தளர்ந்திருந்தால் மாற்றுங்கள். இதை அலட்சியமாக எடுக்க வேண்டாம்: ஒழுகும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, மூடிய காரின் தரையடியில் ஒழுகினால் மூக்குக்குத் தெரியாது. எஞ்சின் சும்மா ஓடும்போது ஹாரன் முனகினால் குற்றமில்லை, அழுத்தம் அவ்வளவுதான். சாலையில் ஒலிக்க உங்கள் ஊர்ச் சட்டம் விடுமா என்பதை மாட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கே: கைக்குமிழை அழுத்தி ஒலிக்கும் ஹாரன். குமிழ் உள்ளே போய் நின்றுவிட்டது, மேலே வரவில்லை.

ப: பத்தில் எட்டு இப்படியானவற்றில் உள்ளே கிரீஸ் மெழுகாகியிருக்கும். குமிழின் தண்டில் பற்கள் உண்டு. அவை பல்சக்கரங்களைச் சுழற்றி, கடைசிச் சக்கரம் தகட்டுப் பொத்தானைத் தட்டும். வேகத்தைப் பல மடங்காக்கும் அமைப்பு என்பதால் கடைசிச் சக்கரத்தில் சிறிய பிசுபிசுப்பு இருந்தாலும் குமிழில் மலைபோல் தெரியும். அதனால் குமிழைச் சுத்தியலால் தட்ட வேண்டாம், பல் போய்விடும். மூடியைக் கழற்றும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள், வில் துள்ளும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். தகட்டைத் தனியே எடுத்துவிட்டு மிச்சத்தை மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பிரஷ்ஷால் கழுவுங்கள். கட்டியான கிரீஸ் மீண்டும் வேண்டாம், மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு.

குமிழ் சுலபமாக ஏறி இறங்கியும் சத்தம் வரவில்லை என்றால், ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் கிளட்ச் வழுக்குகிறது. அதன் சிறு பாவல் (பல்லில் மாட்டிப் பிடிக்கும் கொக்கி) தேய்ந்திருக்கும், அல்லது எண்ணெயில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

கே: பளபளப்பாக்க எந்தப் பாலிஷ்? வாயில் ஒரு நசுங்கலும் இருக்கிறது.

ப: அம்மோனியா கலந்ததைத் தவிருங்கள். அழுத்தி வடிவமைத்த பித்தளையில் உள்ளிழுவிசை தங்கியிருக்கும், அம்மோனியா பட்டால் அது விரிசலாக வெளிப்படும். இந்த நோயைக் கண்டறிந்ததே மழைக்காலத்தில் குதிரை லாயங்களருகே வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் விரிசல் விட்டபோதுதான். முத்திரை எழுத்துகளின் மேல் பஃப் சக்கரம் போகக் கூடாது, இரண்டு தடவையில் எழுத்து மழுங்கிவிடும்.

நசுங்கலை எடுக்க, உட்புறம் பொருந்தும் வழவழப்பான உருண்டை இரும்பை வைஸில் பிடித்து, அதன் மேல் ஹாரனைப் போட்டு நசுங்கலைச் சுற்றி விளிம்பிலிருந்து நடுவுக்கு அழுத்தித் தேயுங்கள். சுத்தியல் அடித்தால் தகடு விரியும். பித்தளையை இளக்க 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். ஈயப்பற்று 200 டிகிரிக்கு முன்பின்னாகவே உருகும். ஆகவே ஈயம் பற்றிய மூட்டு அருகில் இருந்தால் முதலில் பிரித்துவிட்டுப் பிறகு சூடு காட்டுங்கள்.

கே: பிரிட்டிஷ் ஹாரனின் காலில் 6 மி.மீ. போல்ட் இரண்டு சுற்றுப் போய் இறுகுகிறது. மரையை 6 மி.மீ. டேப்பால் (மரை வெட்டும் கருவி) சுத்தம் செய்துவிடலாமா?

ப: வேண்டாம். அது பெரும்பாலும் பழைய பிரிட்டிஷ் பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன்) வரிசையின் 0 எண் மரை. விட்டம் 6 மி.மீ., புரியிடை (அடுத்தடுத்த புரிகளின் இடைவெளி) 1 மி.மீ., இரண்டும் இன்றைய 6 மி.மீ. போல்ட்டோடு ஒத்துப்போகும். மரையின் கோணம் மட்டும் வேறு: அதற்கு 47.5 டிகிரி, மெட்ரிக்குக்கு 60. அதனால்தான் ஆசைகாட்டி உள்ளே விட்டு இறுகுகிறது. டேப் போட்டால் மரையின் பக்கங்கள் செதுங்கி, பிறகு எந்த போல்ட்டும் ஆடும். 0 பி.ஏ. போல்ட்டே வாங்குங்கள். கால் அங்குல விட்வொர்த்துக்கும் (பழைய பிரிட்டிஷ் அங்குல மரை) கால் அங்குல அமெரிக்க மரைக்கும் அங்குலத்துக்கு 20 புரி என்பதால், கோணம் 55, 60 என்று வேறுபட்டாலும் அவசரத்துக்கு ஒன்றோடொன்று போகும். அரை அங்குலத்தில் அந்தச் சலுகை இல்லை. விட்வொர்த்தில் 12 புரி, அமெரிக்க மரையில் 13.